டக்குக் கம்பி

நல்ல சேதி வந்தால் சந்தோஷப்படத் தெரியாத பிறவிகள் சிலர் இருக்கிறார்கள். திருகாணி அந்த ரகம். தொழிற்சாலையே கேக் வெட்டித் தின்றுகொண்டிருந்தபோது அவள் மட்டும் தன் மேஜையில் உட்கார்ந்து கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். யாரோ கொண்டுவந்து வைத்த கேக் துண்டில் எறும்பு ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

திருகாணி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் கடிகாரம், தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் போடுவாள். திரும்ப மாட்டும்போது எப்படியும் ஒரு திருகாணி மிச்சமாகிவிடும். இப்போது நாற்பதைத் தொடப் போகிறாள். அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அவள்தான் வடிவமைப்பாளர். கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எல்லாம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், பட்டப்பெயர் மட்டும் அவளை விடவில்லை.

அவள் செய்த கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. கருப்பைக்குள் எதையாவது செய்வதற்கு முன்னால், அது சதைத் துணுக்கு எடுப்பதாக இருந்தாலும் கருத்தடை வளையம் வைப்பதாக இருந்தாலும், டாக்டர்கள் முதலில் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். நுனி மேல் சுவரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம், கை சொல்வதுதான் கணக்கு. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் சுவர் பொத்துக்கொள்ளும். பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆறாமல் போனால் குடல் வரைக்கும் வம்பு.

திருகாணி அந்தக் கம்பியின் கைப்பிடிக்குள் ஒரு சுருள்வில்லை வைத்தாள். நுனி சுவரைத் தொட்டு, அழுத்தம் ஓர் அளவுக்கு வந்ததும் கைப்பிடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சுவர் பொத்துக்கொள்ள அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். சத்தம் கேட்டதும் கையை எடுத்தால் போதும், ஓர் ஆபத்தும் இல்லை. பட்டறை ஆட்கள் அதற்கு டக்குக் கம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலாளி ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர் யோசித்து வைத்திருந்தார், அது அவர் வாயிலேயே நுழையவில்லை.

மனிதர்கள்மேல் பயன்படுத்த அனுமதி இன்னும் வரவில்லை. அதுவரை பரிசோதனை எல்லாம் ரப்பர் கருப்பையில்தான். ஒரு மூடிய பெட்டிக்குள் ரப்பர் கருப்பையைப் பொருத்தியிருந்தார்கள். கம்பி எங்கே தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதெல்லாம் பக்கத்துத் திரையில் கோடாக ஓடும். வாரா வாரம் மூன்று மகப்பேறு டாக்டர்கள் வந்து, பழைய கம்பியையும் டக்குக் கம்பியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கை வலிக்க வலிக்கச் செய்வார்கள், சும்மா சொல்லக் கூடாது. மூவரில் மூத்தவருக்குக் கைராசி டாக்டர் என்று பெயர். பாதி ஊர் அவர் கையில் பிறந்தது. அவர் உள்ளே வந்தால் முதலாளியே நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. டக்குக் கம்பி ஒரு தடவைகூட ரப்பரைக் குத்தவில்லை. பழைய கம்பி குத்தியது. முதல் வாரம் ஏதோ ஒன்றிரண்டு. அடுத்த வாரம் கொஞ்சம் கூட. அதற்கடுத்த வாரம் இன்னும் கூட. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் போல வாரத்துக்கு வாரம் விலகிக்கொண்டே போயின. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டிவிட்டார். அதற்குத்தான் கேக்.

எல்லோரும் டக்குக் கம்பியின் கோட்டைப் பார்த்தார்கள். திருகாணிக்கு மற்ற கோடுதான் மண்டையைக் குடைந்தது. பழைய கம்பி ஏன் மோசமாகிக்கொண்டே போகிறது? காலங்காலமாகப் புழங்குகிற கம்பி. அதே டாக்டர்கள், அதே பெட்டி. இரும்புக்குத் திடீரென்று கெட்ட புத்தி வருமா என்ன?

ரப்பர்தான் நைந்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். புது ரப்பரில் வார்த்துப் பொருத்தினாள். கோடு இன்னும் மேலே போனது. அறை சூட்டில் ரப்பர் இளகுகிறதோ என்று ஏசியைக் கூட்டி வைத்தாள், டாக்டர்கள் சால்வை கேட்டார்கள், கோடு இறங்கவில்லை. பெட்டியையே கழற்றிப் பூட்டினாள். இந்த முறை ஒரு திருகாணிகூட மிச்சமாகவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பு எங்கேயாவது இருந்தால்தானே பிடிக்கலாம்.

திரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. பழைய கம்பி சுவரைத் தொடும் இடத்தில் கோடு சட்டென்று ஏறும். முன்பெல்லாம் ஏறிய உடனே இறங்கிவிடும். இப்போது ஏறிய இடத்திலேயே நின்று, மெதுவாக இன்னும் கொஞ்சம் ஏறி, ஒரு சின்ன மேடு மாதிரித் தெரிந்தது. வந்து சேர்ந்த கை ஏன் திரும்பவில்லை? திருகாணி அந்த மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், தலைகீழாகக்கூடப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பழசு மோசம்னு காட்டத்தானேம்மா இவ்வளவு பாடுபட்டோம்? மோசமா இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. இதுல உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

அவர் சொன்னதில் தப்பு இருந்த மாதிரி திருகாணிக்குத் தெரியவில்லை. போன காரியம் நடக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கைராசி டாக்டரையும் கேட்டுப் பார்த்தாள். நான் எப்போதும் செய்வது போலத்தான் செய்கிறேன் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. சொன்னதோடு நிற்காமல், போன வாரம் தன் கிளினிக்கில் நடந்த ஒன்றையும் சொன்னார். வயதான அம்மா ஒருத்திக்குப் பழைய கம்பியில் ஆழம் பார்க்கும்போது சுவர் பொத்துக்கொண்டதாம். சின்ன ஓட்டை. படுக்க வைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் இத்தனை வருஷத்தில் தன் கையில் இப்படி நடந்ததே இல்லை என்று சொல்லும்போது டாக்டரின் குரல் இறங்கிவிட்டது.

"வயசான உடம்பு, சதை மெத்துனு ஆயிடும். அதான் சொல்றேன், உன் கம்பி சீக்கிரம் கைக்கு வரணும்."

பாராட்டாகத்தான் சொன்னார். திருகாணி மேஜைக்குத் திரும்பி, அந்த மேட்டை மறுபடி திறந்து பார்த்தாள்.

அவள் இப்படிக் கிடந்து அல்லாடியதற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது. அண்ணன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். சாப்பாடு கீழே, அண்ணி கையால். அண்ணி தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க முத்திரை குத்திக் குத்தி, வீட்டில் பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவாள். மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன அண்ணிக்கு இப்போது மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் உள்தோல் தடித்திருந்தது. ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் என்னவென்று தெரியும். அந்த 'என்னவென்று' என்பதன் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே வெளுத்துப்போகிற ஆள். கொஞ்ச நாளாக விடிந்தால் ஸ்கூட்டரைக் கழுவ உட்கார்ந்துவிடுகிறான். பளபளவென்று மின்னியது ஸ்கூட்டர், பாவம்.

துணுக்கு எடுக்கப் போவது கைராசி டாக்டர். அண்ணிக்கு ஒரே பெருமை, தன் நாத்தனார் செய்த கம்பியால்தான் தனக்குச் செய்யப்போகிறார்கள் என்று கவுண்டருக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை, பழைய கம்பிதான் என்று திருகாணி சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் நீயாவது உள்ளே கூட நில் என்றாள்.

பழைய கம்பி. திருகாணிக்குத் தூக்கம் போனது. என்ன சொல்லித் தடுப்பது? எங்கள் பட்டறையில் பழைய கம்பி வாரத்துக்கு வாரம் மோசமாகிறது என்றா? அது எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. தள்ளிப்போடு என்றால் வந்திருப்பது என்ன நோய் என்று தெரியாமலே நாள் ஓடும். மற்ற இரண்டு டாக்டர்களிடம் போகலாம் என்றால் அவர்கள் கோடும் அதே கதைதான். வேறு யாரோ முன்பின் தெரியாதவரிடம் போவதைவிடக் கைராசி டாக்டர் எவ்வளவோ மேல் என்று புத்தி சொன்னது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திருகாணி ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, வேறு டாக்டரிடம் போனால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன், கைராசி டாக்டர் கைக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாமதான் ஒரே தட்டை அரை மணி நேரமா துடைக்கிறியா?"

"எனக்கு ஒண்ணு புரியல அண்ணி."

"என்ன புரியல?"

"என்ன புரியலன்னே புரியல."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்த பெண் பேசுகிற பேச்சைப் பார் என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு, திருகாணி. உங்கண்ணன் முன்னாடி அழக்கூட முடியல, அவரு எனக்கு முன்னாடி விழுந்துடுவாரு. அந்த டாக்டர் ஒருத்தரைத்தான் நம்பிக்கிட்டிருக்கேன். நீ வேற குழப்பாத."

தனக்கே விளங்காத ஒன்றைச் சொல்லி, இருக்கிற ஒரு பிடியையும் அண்ணியிடமிருந்து பறிப்பதா? திருகாணி, துடைத்த தட்டையே மறுபடி துடைத்து அடுக்கினாள்.

அந்த நாள் வந்தது. கிளினிக்கின் உள்ளறை சின்னது. ஒரு சாய்வுக் கட்டில், கால்களை வைக்க இரண்டு தாங்கிகள், வளைகிற கழுத்துள்ள விளக்கு. சக்கரம் வைத்த தட்டில் பச்சைத் துணி, அதன்மேல் கருவிகள். அண்ணிக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், ஆனால் விழிப்பாகத்தான் இருந்தாள். இடுப்புக்குக் கீழே காகிதப் போர்வை. நர்ஸ் காலடியில் நின்றாள். திருகாணி கட்டிலின் பக்கவாட்டில் நின்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் முத்திரை குத்திய கை, பிடி இரும்பாக இருந்தது. அண்ணன் வெளியே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார், கொஞ்சம் பிசைகிற மாதிரி இருக்கும், மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். பழைய கம்பியைப் பேனா பிடிப்பது போல இரண்டு விரலில் எடுத்தார்.

இங்கே திரை கிடையாது. பழக்கதோஷத்தில் திருகாணியின் கண் பக்கத்துச் சுவரில் திரையைத் தேடியது, அங்கே ஒரு கைகழுவும் தொட்டிதான் இருந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாமல் டாக்டரின் கையைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் அத்தனை வாரத்தில் அந்தக் கையை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கோட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி மெல்ல உள்ளே போனது. என்ன அழகான கை. அவசரமே இல்லை. போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் நின்றது. தொட்டுவிட்டது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கை திரும்பவில்லை.

டாக்டரின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதைக் காதில் வாங்கப் பார்ப்பவர் மாதிரி. கட்டை விரலின் நகம் வெளுத்தது. கம்பி இன்னும் ஒரு நூலளவு உள்ளே போனது. டாக்டரின் முகத்தில் கவலையே இல்லை. பொறுமையாக, முழு நம்பிக்கையோடு அவர் எதற்கோ காத்திருந்தார்.

மேடு. திரையில் வந்த அந்த மேடு இதுதான்.

"போதும் டாக்டர்," என்றாள் திருகாணி. "தொட்டாச்சு. எடுத்துடுங்க."

கை நின்றது. டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் அறையில் அவருக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. பிறகு டாக்டர் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். வெளுத்திருந்த நகத்தைப் பார்த்தார். கம்பியை மெல்ல வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் நீட்டி, அதன் அளவுக் கோடுகளில் ஆழத்தையும், பிறகு நுனியையும் பார்த்தார். அண்ணியின் அடிவயிற்றைத் தொட்டு அழுத்தி, வலிக்கிறதா என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டார். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கையுறையைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் வரலையேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

தட்டில் கிடந்த கம்பியைக் கண்ணால் காட்டினார்.

"இதுல சத்தம் வராதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கைதான் கேட்கல. அன்னிக்கு உன்கிட்ட சொன்னேனே, அந்த வயசான அம்மாவுக்கும் இப்படித்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

இத்தனை வாரமாகத் திருகாணியின் மண்டையைக் குடைந்தது எல்லாம் ஒரே அடியில் விளங்கிவிட்டது, விளங்கியதில் ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை. ரப்பரும் நையவில்லை, இரும்பும் கெடவில்லை. வாரா வாரம் டக்குக் கம்பியைப் போட்டுப் போட்டு, அந்தக் கைகள் சத்தம் வரும்வரை தள்ளப் பழகிவிட்டன. சத்தமே வராத பழைய கம்பியை எடுத்தாலும் அதே பழக்கத்தில் தள்ளுகின்றன. அவள் செய்த கம்பி யாரையும் குத்தவில்லைதான். குத்தாத கைகளைக் குத்தப் பழக்கிவிட்டது. அதற்குத்தான் எல்லோரும் கேக் தின்றார்கள்.

"என்னாச்சுன்னு எனக்கும் யாராவது சொல்றீங்களா?" என்று கட்டிலிலிருந்து அண்ணி கேட்டாள்.

டாக்டர் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், தன் கைமேல்தான் தப்பு என்றார். என் கம்பிமேல்தான் என்று திருகாணி குறுக்கே சொன்னாள். அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓட்டை விழுந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப முடிச்சிடுங்க டாக்டர். இன்னொரு நாள் வந்து இப்படிக் காலைத் தூக்கிக்கிட்டுப் படுக்க என்னால ஆகாது." திருகாணியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஏதோ புரியல புரியலன்னியே. இப்பப் புரிஞ்சிடுச்சில்ல? என் கையை விடு. அவங்க கையைப் பார்த்துக்கிட்டு நில்லு."

டாக்டர் எழுந்து மறுபடி கை கழுவினார். ஆழம் தெரிந்துவிட்டது, இனி கம்பி தேவையில்லை, துணுக்கு எடுக்கும் மெல்லிய குழாய் மட்டும்தான். அதை உள்ளே விடும்போது எங்கே இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு அங்குலத்துக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார், பாடம் ஒப்பிக்கிற மாணவி மாதிரி. திருகாணி கண் கொட்டாமல் பார்த்தாள். தொட்டதும் கை திரும்பியது. துணுக்கு வந்தது, சீசாவில் விழுந்தது. அதன் முடிவு வர நாளாகும், அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது. அண்ணி இப்போதுதான் அழுதாள். நர்ஸ் அவள் தலையைக் கோதிவிட்டாள்.

திருகாணி அங்கே நிற்கவில்லை. கைராசி டாக்டர் பட்டறைப் பரிசோதனையை அப்போதே நிறுத்தச் சொல்லிவிட்டார், முதலாளிக்கு அவரே சொல்வதாகவும் சொன்னார். ஆனால் வாரா வாரம் பட்டறைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் இந்த நேரத்தில் எங்கேயோ ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடும். கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கு ஓடினாள். அண்ணன் பதறி எழுந்தான். நல்லா இருக்காங்க என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

முதல் டாக்டர் எடுத்தார். விடுமுறையில் வீட்டில் இருந்தார், பின்னால் டிவி ஓடுவது கேட்டது. நான் சொல்லும்வரை கம்பியைத் தொடாதீர்கள், பிறகு விளக்குகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாவது டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக யாரோ எடுத்தார்கள், நர்ஸ்.

"டாக்டர் கேஸ்ல இருக்காங்க மேடம்."

"என்ன கேஸ்?"

"வளையம் வைக்கிறாங்க. இப்பத்தான் ஆரம்பிச்சாங்க. முடிஞ்சதும் கூப்பிடச் சொல்றேன்."

"கட் பண்ணாதீங்க. ஓடிப் போய் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"என்ன மேடம்?"

திருகாணி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சத்தம் வராதுன்னு சொல்லுங்க."